உடற்திணிவுச் சுட்டி: ஒரு கணக்குப் பிழையும் எனது பாடமும்

கடந்த வருடம் தரம் 10 வகுப்பில் உடற்திணிவுச் சுட்டி பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உதாரணத்துக்கு யாருடைய அளவை எடுப்பது என்று கேட்டபோது, "சேர், உங்கட அளவையே தாங்களே" என்றார் ஒரு மாணவர். நிறை 78 கிலோகிராம், உயரம் 165 சென்ரிமீற்றர் என்று கரும்பலகையில் எழுதினேன். சிறிது நேரத்தில் ஒருவர் 23.6 என்றார், இன்னொருவர் 28.7 என்றார். 23.6 என்பதே சரியாக இருக்க வேண்டும் என்று என் மனம் விரும்பியது. ஆனால் சரியான விடை 28.7.

கணக்கு இலகுவானது. நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுக்க வேண்டும். உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, வரும் தொகையால் நிறையை வகுக்க வேண்டும். 1.65 ஐ 1.65 ஆல் பெருக்கினால் 2.7225. 78 ஐ அதனால் வகுத்தால் 28.65, அதாவது கிட்டத்தட்ட 28.7. முதலாவது மாணவர் 1.65 ஐ வர்க்கிப்பதற்குப் பதிலாக இரண்டால் பெருக்கிவிட்டார். 3.30 ஆல் வகுத்தபடியால் விடை 23.6 ஆகிவிட்டது. வர்க்கம் வேறு, இருமடங்கு வேறு.

உயரத்தை அடியில் மட்டும் தெரிந்தவர்கள் அதை அங்குலமாக்கி 2.54 ஆல் பெருக்கலாம். 5 அடி 5 அங்குலம் என்பது 65 அங்குலம், அதாவது 165.1 சென்ரிமீற்றர். உயரம் அளக்கும்போது செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். நிறையைக் காலையில், பாரமில்லாத உடையுடன் பார்ப்பது நல்லது.

விடை 18.5 இற்குக் குறைந்தால் நிறை போதாது. பொதுவான உலக அட்டவணையில் 25 இலிருந்து மிகை நிறை, 30 இலிருந்து உடற்பருமன். ஆனால் ஆசியர்களாகிய எமக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே நீரிழிவும் இதய நோயும் வரக்கூடும். இதனால் 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23 ஐ ஆபத்துக் கூடத் தொடங்கும் அளவாகவும் 27.5 ஐ அதிக ஆபத்துள்ள அளவாகவும் குறிப்பிட்டது. நான் இரண்டாவது எல்லையையும் தாண்டியிருந்தேன்.

இந்தச் சுட்டிக்குக் குறைபாடுகளும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டு அறிஞர் கெற்றலே இதன் அடிப்படையை வகுத்தது, மக்கள் கூட்டத்தின் அளவுகளை ஆராய்வதற்கே தவிர நோயாளியைச் சோதிப்பதற்கல்ல. தசை எது, கொழுப்பு எது என்று இது பிரித்துக் காட்டாது. கர்ப்பிணித் தாய்மாருக்கு இது பொருந்தாது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வயது, பால் அடிப்படையிலான தனி வளர்ச்சி வரைபடம் உண்டு. பெரியவர்களின் எல்லையை வைத்து ஒரு பிள்ளையைக் "குண்டு" என்று பகிடி பண்ணுவது அறிவுமல்ல, பண்புமல்ல.

ஆகவே இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். ஆசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை அளவுகள். ஒரு தையல் நாடா போதும்.

அந்த வாரமே அரசாங்க வைத்தியசாலையில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்துக்குப் போனேன். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 118. இது நீரிழிவு அல்ல, ஆனால் அதன் வாசல். "இப்பவே வந்தது நல்லது சேர்" என்றார் வைத்தியர்.

நான் பெரிதாக எதையும் செய்யவில்லை. பிளேன்டீக்குச் சீனியை நிறுத்தினேன். இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன். வலீமா ஸஹனில் இரண்டாவது தடவை கறி கேட்பதை விட்டேன். சுபஹ் தொழுதுவிட்டு நாற்பது நிமிடம் நடக்கிறேன். எட்டு மாதத்தில் 71 கிலோகிராமுக்கு வந்திருக்கிறேன். சுட்டி இப்போது 26.1. 23 இற்குக் கீழே வர 62 கிலோகிராம் அளவில் இருக்க வேண்டும். இன்னும் தூரம் இருக்கிறது.

உடம்பு அல்லாஹ் எமக்குத் தந்த அமானிதம். அந்த அமானிதத்தின் கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கொப்பியும் பேனையும் எடுத்து, வீட்டில் உம்மா, வாப்பா, மனைவி என்று பெரியவர்கள் எல்லோருக்கும் கணித்துப் பாருங்கள். உயரத்தை இரண்டால் மட்டும் பெருக்கிவிடாதீர்கள்.