கவுச்சி, புலை, நான்-வெஜ்: இறைச்சிச் சொற்களும் வன்கொடுமைச் சட்டமும்

சாதிப் பெயரை உச்சரிக்காமலே சாதியைச் சொல்லிவிடும் சொற்கள் நம்மிடம் ஏராளம். அவற்றுள் பல, உண்ணும் ஊனிலிருந்தும் பிடிக்கும் மீனிலிருந்தும் பிறந்தவை. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மீன் என்பது பிழைப்பு. கூடையோடு பேருந்தில் ஏறியதும் அதுவே ‘கவுச்சி’. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் ‘நாற்றம்’ என்ற ஒரே சொல்லால் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அந்தச் சொல் அதன் வேலையைச் செய்ய எந்தச் சாதிப் பெயரும் தேவைப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இச்சொற்கள் தொடக்கத்திலேயே இழிசொற்களாக இருக்கவில்லை. ‘நாற்றம்’ பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. நற்றிணையின் 45ஆம் பாடலில், தேரில் வரும் செல்வனிடம் பரதவப் பெண்ணின் தோழி, தங்கள் மீது புலவு நாறும் என்றும் அவன் விலகி நிற்கட்டும் என்றும் சொல்கிறாள். விலகச் சொல்லும் உரிமை அங்கே மீன் உணக்குபவளிடம் இருக்கிறது. அவ்வுரிமை பின்னர் கைமாறியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ‘புலை’ என்ற சொல்லின்கீழ் இழிவு, தீட்டு, ஊன் ஆகிய பொருள்களை அடுத்தடுத்துத் தருகிறது. அதே ஒலியைத் தாங்கி நிற்கிறது ‘புலையர்’ என்ற பெயர். அது வயலைக் குறிக்கும் ‘புலம்’ என்பதிலிருந்து வந்தது என்று கருதுவோரும் உண்டு. எது சரியாயினும், ஊனையும் தீட்டையும் ஒரு மக்கள் கூட்டத்தையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தது சமூகமே. அகராதி அதைப் பதிவு செய்தது. தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சி உண்ணுதலோடு இணைத்து 1948இல் அண்ணல் அம்பேத்கர் தனிநூலே எழுதினார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

‘கறி’யின் கதை வேறு. சங்க காலத்தில் அது மிளகு. இன்று சென்னையில் ‘கறி எடுத்தாயா?’ என்றால் இறைச்சி. வைணவப் பார்ப்பனர் வீட்டில் ‘கறியமுது’ என்றால் காய். இலங்கையில் காய்கறிக்கு ‘மரக்கறி’ என்று பெயர். இந்தக் ‘கறி’யே ஆங்கிலத்தில் ‘கரி’ ஆயிற்று என்பர். ‘பறையர்’ என்ற பெயரும் ‘பரையா’ என்று ஆங்கிலத்துக்குள் சென்று, ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. நாடுகளைக்கூட அப்படி அழைக்கிறார்கள். எழுதுவோருக்குக் கூச்சமே இல்லை.

ஆங்கிலத்தின் இறைச்சிச் சொற்களிலும் படிநிலை உறைந்திருக்கிறது. ‘மீட்’ முன்பு உணவு அனைத்தையும் குறித்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின், தொழுவத்தில் நிற்கும் விலங்குக்கு உழைப்போர் மொழியின் ‘கௌ’ என்ற பெயரும், தட்டில் வரும் இறைச்சிக்கு ஆள்வோர் மொழியிலிருந்து வந்த ‘பீஃப்’ என்ற பெயரும் நிலைத்தன. இந்திய ஆங்கிலம் தன் பங்குக்கு ‘நான்-வெஜ்’ என்பதைத் தந்தது. தமிழின் ‘அசைவ’த்தைப் போலவே அதுவும் எதிர்மறைச் சொல். பெரும்பான்மையோரின் உணவு, சிறுபான்மையோரின் உணவு ‘அல்லாதது’ என்று வரையறுக்கப்படுகிறது. ஆபாசத் துணுக்குக்கும் ‘நான்-வெஜ்’ என்றே பெயர். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவுக்கூடமொன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி வாயிலும் கைகழுவுமிடமும் காட்டும் அறிவிப்புகள் தோன்றி, எதிர்ப்புக்குப் பின் அகற்றப்பட்டன. அங்கும் சாதிப் பெயர் எதுவும் எழுதப்படவில்லை.

சட்டம் இதை எவ்வாறு பார்க்கிறது? 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இரண்டு உட்பிரிவுகள் அருகருகே உள்ளன. பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்). இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பது அல்லது மிரட்டுவது 3(1)(ஆர்). இரண்டாவதற்குச் சாதிப் பெயர் தேவையில்லை. எனினும் எல்லா அவமதிப்பும் அதனுள் வராது. 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்காரியா வழக்கில் உச்ச நீதிமன்றம், தீண்டாமை வழக்கத்தால் எழுந்ததாகவோ, தூய்மை, தீட்டு போன்ற கருத்துகளை வலுப்படுத்துவதாகவோ அவமதிப்பு அமைய வேண்டும் என்றது. அத்தீர்ப்பு சட்டத்தின் எல்லையைச் சுருக்கியது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ‘மாட்டுக்கறி தின்னி’ என்பதும் ‘புலை நாற்றம்’ என்பதும் தூய்மை, தீட்டு மொழியன்றி வேறென்ன? அந்த அளவுகோலை நாம் நமக்குச் சாதகமாகவே பயன்படுத்தலாம்.

பழவேற்காட்டில் இது மேலும் சிக்கலாகிறது. ஏரியில் வளமான இறால் பிடியிடங்களைச் சுழற்சிமுறையில் பகிரும் ‘பாடு’ முறை, பட்டினவர் சமூகத்தின் சில ஊர்களுக்கே உரியதாக இருந்துவந்தது. தலித் மீனவர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இருளர்கள், குறிப்பாகப் பெண்கள், சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். மூவர் உடலிலும் ஒரே மீன்வாடைதான். ஆனால் அதைச் சொல்லி இழிவுபடுத்தினால் பட்டியல் சாதியினரான தலித்துகளும் பழங்குடியினரான இருளர்களும் மட்டுமே இச்சட்டத்தை நாட முடியும். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள பட்டினவர் நாட முடியாது. கரைக்கு வெளியே ‘கவுச்சி’ என்று அவமதிக்கப்படும் ஒரு பட்டினவரே, ஏரிக்குள் ஓர் இருளரை அவ்வாறு அவமதித்தால் குற்றஞ்சாட்டப்பட்டவராக நிற்க நேரும்.

எனவே புகார் எழுத உதவும் தோழர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். ‘சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்’ என்ற வழக்கமான வாக்கியத்தை, அப்படி நடக்காதபோது எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அதுவே. சொல்லப்பட்ட சொல்லை, அது கவுச்சியோ நாற்றமோ மாட்டுக்கறியோ, பேசியவரின் பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். எந்த இடத்தில், யார் யார் கேட்க, எதை மறுப்பதற்காகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதி, 3(1)(ஆர்) பிரிவைப் பெயர் குறிப்பிட்டுக் கோருங்கள்.