நுரையீரல் புற்றுநோயும் வயிற்று வலியும்

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் வயிற்றைப் பற்றி நாங்கள் கேட்கும்போது, உடன் வந்தவர்கள் சற்று வியப்படைவதுண்டு. நோய் நெஞ்சில்தானே என்பது அவர்களது எண்ணம். ஆனால் அப்புற்றணுக்கள் இரத்தம், நிணநீர் வழியாக வேறு உறுப்புகளையும் சென்றடையக்கூடும். மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரீனல் சுரப்பி ஆகியவற்றுக்கே அவை பெரும்பாலும் பரவுகின்றன. சிறுகுடலுக்குப் பரவுவது அரிது.

அரிது என்பதாலேயே அது கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. கீமோதெரபியால் வாந்தி வரும். மார்பின் மாத்திரையால் மலச்சிக்கல் ஏற்படும். எனவே வயிற்றில் எது நேர்ந்தாலும் மருந்தின் பக்கவிளைவு என்று வீட்டில் பொறுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும், எப்போதும் அல்ல.

குடற்சுவரில் கட்டி வளர்ந்தால் உணவு செல்லும் பாதை குறுகும். விட்டுவிட்டு முறுக்கும் வலி, வயிற்று உப்புசம், பச்சை நிற வாந்தி, மலமும் வாயுவும் பிரியாமை ஆகியவை குடலடைப்பின் அடையாளங்கள். இந்நிலையில் விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுப்பது ஆபத்து. உணவையும் நீரையும் நிறுத்தி உடனே அழைத்து வாருங்கள்.

கட்டியிலிருந்து இரத்தம் கசிந்தால் மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போகும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதை உட்கொள்பவர்கள் எங்களிடம் தெரிவிக்க வேண்டும். குடலில் துளை விழுந்தால் திடீரெனப் பொறுக்கவியலா வலி தோன்றி வயிறு கல்போல் இறுகும். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து எடுப்போருக்கு இந்த அறிகுறிகள் மங்கலாகவே தெரியலாம். அவர்களிடத்தில் லேசான வலியையும் நாங்கள் அலட்சியம் செய்வதில்லை.

சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. வாய்வழி எண்டோஸ்கோபி அதன் தொடக்கத்தையும், ஆசனவாய்வழிக் கொலோனோஸ்கோபி அதன் கடைசிப் பகுதியையும் மட்டுமே எட்டும். ஆகவே முதலில் சிடி ஸ்கேன் எடுக்கிறோம். விழுங்கும் கேப்சூல் கேமராவும் உண்டு. அடைப்பு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், அது சிக்கிக்கொள்ளும் என்பதால் கொடுப்பதில்லை.

இது புதிதாக வந்த இரண்டாவது புற்றுநோயா என்று பலர் அஞ்சிக் கேட்கிறார்கள். திசுப் பரிசோதனையில் நுரையீரல் அணுக்களே காணப்பட்டால், குடலில் இருப்பதும் நுரையீரல் புற்றுநோய்தான்; மருந்தும் அதற்குரியதே. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றம் இருப்பின் அதற்கேற்ற மாத்திரைகள் உள்ளன. துளை, அடைப்பு, நிற்காத இரத்தக்கசிவு ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். இவ்வாறு பரவிய நோய் நான்காம் நிலையைச் சேர்ந்தது. பெரும்பாலும் அதைக் கட்டுப்படுத்துவதே சிகிச்சையின் நோக்கம். அறுவையை உடல் தாங்குமா என்பதை நாங்கள் கணிக்கலாம். வேண்டுமா என்பதை நோயாளியிடமே கேட்போம். வேண்டாமென்றாலும் வாந்தியையும் வலியையும் தணிக்கும் சிகிச்சை தொடரும்.

தொலைபேசியில் அழைக்கும்போது, கடைசியாக மலமும் வாயுவும் பிரிந்த நேரம், வாந்தியின் நிறம், அன்று உட்கொண்ட மாத்திரைகள் ஆகியவற்றைக் கூறுங்கள்.