குளம்பறிந்து கட்டும் லாடம்

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைப்பாதை. நடக்க இயலாத யாத்திரிகர்களையும் கடைகளுக்கான சரக்குகளையும் அப்பாதையில் மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சுமந்து ஏறுகின்றன. ஆலயத்தின் நடை ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதங்களே திறந்திருக்கும். அந்த வருவாயை நம்பிக் கடன் வாங்கி விலங்கை வாங்கியவருக்கு, ஒரு குளம்பு பழுதுபட்டாலும் ஆண்டுக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 3.4 லட்சம், கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம். மலைப்பாதைகளிலும் செங்கல் சூளைகளிலும் வண்டிகளிலும் உழைக்கும் இவற்றின் குளம்பைச் சீவி லாடம் கட்டுபவரை வட இந்தியாவில் 'நால்பந்த்' என்பர். அவர் இத்தொழிலைக் கற்கும் முறை நாம் அறியத்தக்கது.

நின்றபடியே லாடம்

நம் ஊர்களில் வண்டிக்காளைக்கு லாடம் அடிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். காளையைக் கயிற்றால் கட்டிப் படுக்க வைத்து, பிளவுபட்ட குளம்பின் இரு பாதிகளுக்கும் தனித்தனித் தகடு அடிப்பார்கள். குதிரையின் குளம்பு பிளவுபடாதது. அதற்கு வளைந்த ஒரே லாடம். குதிரை நின்றுகொண்டிருக்க, முன்னங்காலைத் தூக்கித் தம் முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டும், பின்னங்காலைத் தொடைமேல் தாங்கிக்கொண்டும் தொழிலாளி வேலை செய்வார். ஆகவே தோள்பக்கமாக அணுகுவதும், கையைக் காலோரமாக மெல்ல இறக்கி விலங்கின் அச்சத்தைப் போக்குவதும் தொடக்கப் பாடங்கள். கத்தி பிடிக்கும் பயிற்சி இறந்த விலங்கின் கால்களில் தொடங்கும். பிறகே, அமைதியான குணமுள்ள, குறையற்ற குளம்புடைய குதிரை மாணவரிடம் தரப்படும்.

எவ்வளவு வெட்டக் கூடாது?

குளம்பின் சுவர் நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. மாதத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். லாடம் கட்டிய குளம்பு தரையில் உரசித் தேயாது என்பதால், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவ வேண்டும். தவறினால் குளம்பின் முன்புறம் நீண்டு, தசைநாண்களுக்குச் சுமை கூடும்.

காலைத் தூக்கும் முன்பே குதிரையைச் சமதரையில் நிறுத்தியும் நடக்க விட்டும் பார்க்க வேண்டும். பிறகு குளம்பில் அடைந்த மண்ணையும் கல்லையும் குதிகாலிலிருந்து முன்புறமாக அகற்றுவர். உளுத்து உதிரும் பகுதியைக் கத்தியாலும், வளர்ந்த சுவரைக் குறடாலும் நீக்கி, அரத்தால் சமப்படுத்துவர். உள்ளங்காலையும், நடுவிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதியையும் 'சுத்தமாகத் தெரிய வேண்டும்' என்று செதுக்கினால், கல்லின் தாக்குதலைத் தாங்கும் கவசமே போய்விடும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சில மில்லிமீட்டர் பிழை திருந்த ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். எனவே எங்கே நிறுத்துவது என்பதே மாணவர் கற்கும் அரிய பாடம்.

ஆணியின் வழி

லாடத்தைக் குளம்பின் வடிவத்திற்கேற்பப் பட்டடைக்கல்லில் அடித்து வளைக்க வேண்டும். கையிலுள்ள லாடத்திற்கேற்பக் குளம்பை அராவுவது பெருந்தவறு. சுவரும் உள்ளங்காலும் சேருமிடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். ஆணி அதற்கு வெளியே, உணர்வற்ற சுவரில் மட்டுமே செல்ல வேண்டும். உள்ளே நரம்பும் குருதியும் உள்ளன. லாட ஆணியின் முனை ஒருபுறம் சரிவாக இருப்பதால், சரியாக வைத்து அடித்தால் அது வெளிப்புறமாக வளைந்து வெளிவரும். வெளிவந்த கூர்முனையை உடனே முறித்து, மீதியை மடக்கி அராவிவிடுவர். குளம்பின் அகன்ற பகுதிக்குப் பின்னால் ஆணி அடிப்பதில்லை. எடை விழும்போது குதிகால் விரிய இடம் வேண்டும்.

குதிரை காலை வெடுக்கென இழுத்தாலோ, ஆணித்துளையில் குருதி கசிந்தாலோ, ஆணியை உடனே எடுத்துவிட்டு உரிமையாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குதிரைகள் இசிவு நோய்க்கு எளிதில் ஆளாகக்கூடியவை. நோயுற்ற குளம்பு, நொண்டும் கால் ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரே பொறுப்பு. ஆரோக்கியமான குளம்பை நன்கறிந்த தொழிலாளியே இந்த வேறுபாட்டை விரைவில் காண்பார். மீரட்டில் உள்ள இந்திய ராணுவத்தின் கால்நடை மருத்துவப் படைக் கல்லூரி இத்தொழிலில் வீரர்களுக்குப் பயிற்சி தருகிறது. உழைக்கும் விலங்குகளின் நலனுக்கான 'புரூக் இந்தியா' அமைப்பு கிராமத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

சிறு செலவு, பெரும் காப்பு

இத்தொழிலுக்கான கருவிகள் சில, முதலீடும் சிறிது. முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். கொல்லுத் தொழிலை மரபாகச் செய்வோர், 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் தகுதி பெற்றால், பயிற்சி, 15,000 ரூபாய் கருவி உதவி, 5 சதவீத வட்டியில் முதற்கட்டமாக ஒரு லட்சம் ரூபாய் கடன் ஆகியவற்றைப் பெறலாம்.

குதிரை வைத்திருப்போர் லாடம் கட்டிய நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அடுத்த முறைக்கான தொகையை மாதந்தோறும் தனியே ஒதுக்குவது நல்லது. குதிரை நொண்டத் தொடங்கிய பின் ஆகும் மருத்துவச் செலவையும், வேலையின்றி நிற்கும் நாள்களின் இழப்பையும் நோக்க, இத்தொகை மிகச் சிறிது.