முழுமையும் துண்டும்: பெரும்படங்களைக் கட்டளைவரி மூலம் பகுத்தல்

பழைய ஆவணங்களைக் கணினிப் படங்களாக்கிப் பேணும் முயற்சிகள் பற்றிப் பேசுமிடத்து, அவை எவருடைய பயன்பாட்டுக்குரியன எனும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. 20,000 பிக்செல் அகலமும் 15,000 பிக்செல் உயரமுங் கொண்ட நிலவரைபடமொன்றை எடுத்துக்கொள்வோம். அது 30 கோடிப் பிக்செல்களாலானது. பிக்செலுக்கு மூன்று பைற் வீதம் 90 கோடி பைற். பழைய கணினியும் மந்தமான இணைய இணைப்புமே வாய்க்கப்பெற்ற மாணவனுக்கு அப்படம் பேணப்பட்டும் எட்டாததாகவே இருக்கும்.

இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி, படத்தைச் சிறு சதுரங்களாகப் பகுப்பதாகும். பக்கத்துக்கு 256 பிக்செலாகப் பகுப்பின், 79 நிரல்களிலும் 59 நிரைகளிலுமாக 4,661 துண்டுகள் கிடைக்கும். வலது, கீழ் விளிம்புத் துண்டுகள் மட்டும் சிறியனவாயிருக்கும். 1920க்கு 1080 பிக்செல் அளவான திரையை நிரப்ப ஒரே வேளையில் கூடியது 54 துண்டுகள் போதும். அதாவது, முழுப்படத்தின் தரவில் ஏறத்தாழ 85இல் ஒரு பங்கே தேவைப்படுகின்றது.

இமேஜ்மஜிக் எனும் கட்டளைவரிக் கருவியில் ‘குறொப்’ எனும் தெரிவுக்கு இடங்குறிப்பிடாது அளவை மட்டுங் கொடுப்பின், அது படம் முழுவதையும் அவ்வளவில் வெட்டித்தரும். ‘ரீபேஜ்’ எனும் தெரிவைக் கூட்டற் குறியுடன் சேர்ப்பின், மூலப்படத்தில் தான் இருந்த இடம் பற்றிய குறிப்பைத் துண்டு இழந்துவிடும். எஞ்சுவது சுழியத்திலிருந்து நிரை நிரையாக இடப்படும் தொடரெண் மட்டுமே. 1000ஆம் எண்ணை 79ஆல் வகுத்தால் ஈவு 12, மீதி 52. எனவே அத்துண்டு 13ஆம் நிரையில் 53ஆம் நிரலுக்குரியது. நிரல்களின் தொகையை அறியாதவனுக்கு அவ்வெண் பொருளற்றது. முழுமையுடனான உறவிலேயே பகுதி பொருள்பெறுகின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எனினும், ஒரே அளவிற் பகுத்தல் மட்டும் போதாது. முழுப்படத்தையும் ஒருசேரக் காண விரும்புபவன் 4,661 துண்டுகளையும் பெறவேண்டியிருக்கும். ஆகவே படத்தைப் படிப்படியாகப் பாதியளவாக்கி, ஒவ்வொரு படிநிலையையும் தனித்தனியே பகுக்கின்றனர். கூம்பகம் எனத்தகும் இவ்வமைப்புக்கு மேலதிகமாகத் தேவைப்படும் இடம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கேயாகும். லிப்விப்ஸ் கருவியின் ‘டீஸெட்சேவ்’ கட்டளை இதனை ஒரே தடவையில் நிறைவேற்றுகின்றது. ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு கோப்புறை, ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நிரல், நிரை எண்கள் என்றவாறு இடவுறவு பேணப்படுகின்றது. படம் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாது பகுதி பகுதியாகக் கையாள்வதால், எளிய கணினியிலும் இவ்வேலையைச் செய்யலாம்.

இவ்விரு கருவிகளும் கட்டணமின்றிக் கிடைப்பவை. மூலநிரலும் யாவர்க்குந் திறந்தது. ஆயின், கருவி பொதுவுடைமையாயிருப்பதால் மட்டும் ஆவணம் பொதுவுடைமையாகிவிடாது. மூலப்படத்தை வைத்திருக்கும் நிறுவனமே எந்தப் படிநிலைவரை வாசகனுக்குத் திறப்பது என்பதைத் தீர்மானிக்கின்றது. மேற்படிநிலைகளை மட்டுந் திறந்து, எழுத்துக்கள் தெளிவுறும் அடிப்படிநிலையை மூடிவைத்தலும் இதே தொழில்நுட்பத்தால் இயலும். ஆகவே, பகுக்கும் முறையைக் கற்பதோடு அடிப்படிநிலையையுந் திறக்குமாறு கோருவதும் ஆய்வாளர்தம் கடமையாகும்.