இம்ப்ளான்ட் பல் வலிக்காது. ஆகவேதான் கவனம் தேவை

“டாக்டர், இது உலோகம்தானே? இதற்கு என்ன வந்துவிடப் போகிறது?” இம்ப்ளான்ட் பல் பொருத்திக்கொண்டவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. எலும்புக்குள் பதிக்கப்பட்ட டைட்டேனியம் வேருக்கும், அதன்மேல் பொருத்தப்பட்ட செயற்கைப் பல்லுக்கும் சொத்தை விழுவதில்லை. ஆனால், அவற்றைத் தாங்கி நிற்கும் ஈறும் எலும்பும் உயிருள்ளவை. அவை நோயுறக்கூடும்.

நன்கு பராமரித்தால் இம்ப்ளான்ட் நெடுங்காலம் உழைக்கும். சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் பிரோனிமார்க், 1965ஆம் ஆண்டு முதன்முதலாக ஒருவருடைய தாடையில் பொருத்திய டைட்டேனியம் வேர்கள், அவர் 2006இல் மறையும்வரை பயன்பட்டன.

ஏன் வலிப்பதில்லை?

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உண்டு. ஈறின் நார்கள் அந்த வேரை இறுகப் பற்றியிருக்கும். உள்ளே நரம்பும் இருக்கும். இம்ப்ளான்ட்டுக்கு இவை எதுவும் இல்லை. எலும்பு அதனோடு நேரடியாக இணைகிறது. ஈறு, சட்டையின் கழுத்துப்பட்டிபோல அதைச் சுற்றித் தழுவி நிற்கிறது, அவ்வளவே. உணவுத் துகளும் கிருமிப் படலமும் அந்த விளிம்பில் தங்கினால் ஈறு வீங்கும்; பிறகு எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். பெரும்பாலும் இவை வலியின்றியே நிகழ்கின்றன. ஈறோடு நிற்கும் நிலையில் வந்துவிட்டால் முற்றிலும் சரிசெய்ய இயலும். கரைந்த எலும்பை மீட்பதோ கடினம்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் நாள் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மென்மையாகக் கொப்பளிக்கலாம். எலும்போடு வேர் இணைய ஏறத்தாழ 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்தில் கடினமானவற்றை மெல்லாதீர்கள்.

பல் பொருத்திய பிறகு, காலையும் இரவும் 2 நிமிடம் மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். பல்லும் ஈறும் சேருமிடத்தில் பிரஷ்ஷைச் சற்றுச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். உட்புறத்தை, அதாவது நாக்குப் பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பற்களின் இடைவெளிக்கு, கம்பியின்மேல் பிளாஸ்டிக் உறையிட்ட சிறு பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கும். உங்களுக்குரிய அளவை எங்களிடம் கேட்டு வாங்குங்கள். பல பற்கள் ஒரே பாலமாக இணைக்கப்பட்டிருந்தால், அதன் அடியில் நுழையும் தடித்த பஞ்சு நூல் தேவைப்படும். நூல் பிய்ந்து உள்ளே சிக்கினால் அதுவே அழற்சியை உண்டாக்கும். பிய்ந்தால் உடனே நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்.

இரவுப் பணி பார்ப்போர் பணி முடிந்து உறங்கச் செல்லுமுன் துலக்க வேண்டும். நோன்புக் காலத்தில் சஹர் உணவுக்குப் பின்னரும், இரவு உறங்குமுன்பும் துலக்குங்கள். மிஸ்வாக் பயன்படுத்துவோர் அதைத் தொடரலாம். ஆனால், அதன் நார் இம்ப்ளான்ட்டின் இடுக்குகளுக்குள் எட்டாது. பிரஷ்ஷும் அவசியம்.

தவிர்க்க வேண்டியவை

பிரியாணி உண்டபின் இறைச்சி நார் சிக்கினால், ஊக்கையோ துடைப்பக் குச்சியையோ விட்டுக் குடைவது நம் ஊரில் பலருக்குப் பழக்கம். ஊக்கு இம்ப்ளான்ட்டின் உலோகத்தைக் கீறும். குச்சி ஈறைக் கிழிக்கும். கீறிய இடத்தில் கிருமிப் படலம் எளிதாக ஒட்டிக்கொள்ளும். கரித்தூளும் சொரசொரப்பான பல்பொடியும் இத்தகைய தீங்கையே விளைவிக்கும்.

பீடி, சிகரெட், புகையிலை ஆகியவை ஈறுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றன. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் அவ்வாறே. இவ்விரண்டும் உள்ளவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க் கொப்பளிப்பானை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டிக்காதீர்கள். பற்களில் கறை படியும்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

- துலக்கும்போது இம்ப்ளான்ட்டைச் சுற்றி இரத்தம் கசிதல்
- ஈறு சிவத்தல், வீங்குதல், சீழ் வடிதல்
- வாயில் கெட்ட சுவை, தொடரும் துர்நாற்றம்
- பல் ஆடுதல்

இரத்தம் வருகிறதே என்று அஞ்சித் துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். மென்மையாகத் துலக்கியபடியே எங்களிடம் வாருங்கள். பல் ஆடினால் பதறவும் வேண்டாம். பல நேரங்களில் உள்ளிருக்கும் திருகு மட்டுமே தளர்ந்திருக்கும். அதை நீங்களே திருகாதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள்.

பராமரிப்போருக்கு

முதியவருக்கோ, கை நடுங்குவோருக்கோ நீங்கள் துலக்கிவிடுவதாயின், அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, நல்ல வெளிச்சத்தில், பின்புறமாக நின்று தலையைத் தாங்கிப் பிடித்துத் துலக்குங்கள். கைப்பிடி தடித்த பிரஷ் அவர்களாகவே துலக்கவும் உதவும். வாரம் ஒருமுறை உதட்டை விலக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். வலி சொல்லாததை உங்கள் கண் கண்டுபிடிக்கும்.

வலி இல்லாவிட்டாலும், 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வாருங்கள். சர்க்கரை நோயும் புகைப் பழக்கமும் உள்ளவர்கள் 3 மாதங்களுக்கு ஒருமுறை வருவது நல்லது. எலும்பின் நிலையை எக்ஸ்ரே மூலம் நாங்கள் பார்க்க முடியும். ஆனால், அந்த எலும்பைக் காப்பது ஒவ்வோர் இரவும் நீங்கள் ஒதுக்கும் சில நிமிடங்களே.