கீழ்ப்பிரிவுகளில் ஆயிரம் ஆட்டங்கள்

கிரஹாம் அலெக்சாண்டர் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1971 அக்டோபர் 10 அன்று பிறந்தவர். கால்பந்தில் பெரும்பாலும் வலதுபுறத் தற்காப்பு ஆட்டக்காரராக 1991 முதல் 2012 வரை களமிறங்கி, ஆயிரத்துக்கும் அதிகமான தொழில்முறை ஆட்டங்களை ஆடி முடித்தார். கோல்கீப்பர்கள் நாற்பது வயதிலும் ஆடுவதுண்டு. களம் முழுக்க ஓடும் ஒருவர் ஆயிரத்தை எட்டுவது மிக அபூர்வம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிரீமியர் லீக்குக்குக் கீழே ஆடப்பட்டவை என்பதுதான் இந்தச் சாதனையின் கனம்.

இங்கிலாந்தில் உச்சியில் இருப்பது 20 அணிகள் கொண்ட பிரீமியர் லீக். அதன் கீழே தலா 24 அணிகளுடன் மூன்று பிரிவுகள். அங்கே ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 46 லீக் ஆட்டங்கள். கோப்பைப் போட்டிகள் தனி. சனிக்கிழமை ஆடிய அலுப்பு தீருமுன் செவ்வாய் இரவு அடுத்த ஆட்டம் வந்துவிடும். இந்த ஓட்டத்தில் இருபத்தோரு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க உடற்கட்டுப்பாடு மட்டும் போதாது; ஒவ்வொரு புதிய மேலாளரும் முதலில் எழுதும் பெயர்களில் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்கன்தார்ப் அணியில் தொடங்கிய அவர், 1995இல் லூட்டன் டவுனுக்கும் 1999இல் பிரஸ்டனுக்கும் போனார். பிரஸ்டனில் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் இருந்தார். டேவிட் மோயஸ் மேலாளராக இருந்த அந்த அணி 2000இல் மூன்றாம் நிலைப் பிரிவை வென்று மேலேறியது. பிரீமியர் லீக் வாய்ப்போ மேலேறும் இடத்துக்கான பிளே-ஆஃப் மோதலின் 2001, 2005 ஆகிய இரு இறுதிகளிலும் கைநழுவியது.

தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தும் அவர் நூறு கோல்களைத் தாண்டினார். பெரும்பகுதி பெனால்டிகள். கோல்கீப்பரை ஏமாற்றும் தந்திரங்களில் அவர் இறங்கவில்லை. நேராக ஓடிவந்து ஓங்கி உதைப்பார். திசையைச் சரியாகக் கணித்த கோல்கீப்பருக்கும் பந்தின் வேகம் பெரும்பாலும் நேரம் தராது.

தந்தை ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் அந்நாட்டு அணிக்கு ஆடும் தகுதி அவருக்கு இருந்தது. அழைப்பு வந்தது 2002இல், முப்பது வயதில். அதன்பின் 40 சர்வதேச ஆட்டங்கள். 2007 செப்டம்பரில் பாரிஸில் பிரான்ஸை 1-0 என்று வீழ்த்திய அணியில் அவரும் இருந்தார்.

அதே ஆண்டு பர்ன்லியில் சேர்ந்து, நடுக்களத்தில் தற்காப்பைக் காக்கும் இடத்துக்கு மாறினார். 2009இல் பிளே-ஆஃப் இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை வென்று பர்ன்லி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ஆகஸ்டில் ஸ்டோக் அணிக்கு எதிராக இறங்கியபோது அலெக்சாண்டருக்கு வயது 37. பிரீமியர் லீக்கில் அவ்வளவு வயதில் அறிமுகமான களவீரர் அதற்குமுன் யாரும் இல்லை. பெயருக்கு இடம்பிடித்தவராகவும் அவர் இருக்கவில்லை. பருவம் முழுக்கப் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடினார், பெனால்டிகளை அங்கும் கோலாக்கினார். ஆனால் அணி ஒரே பருவத்தில் கீழிறங்கியது. ஆயிரமாவது ஆட்டத்தை 2011 ஏப்ரலில் பர்ன்லிக்காகவே ஆடினார்.

பிறகு ஸ்கன்தார்ப் திரும்பி, 2012 ஏப்ரலில் ஆடிய ஆட்டத்துடன் விடைபெற்றார். அதன் கடைசி நிமிடங்களில் ஃப்ரீ கிக்கில் சமன்செய்யும் கோலையும் அடித்தார்.

மேலாளராகவும் பெரும்பாலும் கீழ்ப்பிரிவுகளே அவரது களம். ஃப்ளீட்வுட் டவுனை 2014இலும், பிராட்ஃபோர்டு சிட்டியை 2025இலும் நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு உயர்த்தினார். இடையே, 2019இல், சால்ஃபோர்டு சிட்டி முதல்முறையாக அந்த நான்கு நிலைகளுக்குள் நுழைந்ததும் அவர் பொறுப்பில்தான்.