800 ரூபாய் பையா, 5,000 ரூபாய் பையா?

'விலை கூடினாலும் நல்ல பொருளா வாங்கு, காலத்துக்கும் உழைக்கும்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா? தோல் பைக்குப் பேர்போன புதுச்சேரியை வைத்தே கணக்குப் போடுவோம்.

1978-ல் திலீப் கபூர் இங்கே சிறு பட்டறையாகத் தொடங்கியது 'ஹைடிசைன்'. தாவரப் பொருட்களால் பதனிட்ட தோலும் பித்தளைக் கொக்கிகளும்தான் அதன் அடையாளம். ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு தோல் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில். குரோமிய உப்பில் ஓரிரு நாளில் முடிகிற வேலை, இந்த முறையில் வாரக்கணக்கில் இழுக்கும். விலை கூட அதுவும் ஒரு காரணம்.

கடலோர ஊரில் ஈரக்காற்று பட்டுப் பட்டு, மலிவான செயற்கைத் தோலின் மேல்பூச்சு உரியும். இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும். பித்தளை கறுத்தாலும் துடைத்தால் பளிச்சிடும்.

வருடம் ஒரு 800 ரூபாய் பை என்றால், பத்து வருடத்தில் 8,000 ரூபாய். 5,000 ரூபாய் பை பத்து வருடம் உழைத்தால் 3,000 ரூபாய் மிச்சம். ஆனால், ஆறே கால் வருடத்துக்கு முன்பே அதைத் தூக்கிப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்!

விலையை மட்டும் நம்பாதீர்கள். வெட்டிய ஓரத்தில் துணி தெரிந்தால் அது முழுத் தோல் அல்ல. கொக்கியில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஜிப்பை மாற்றித் தைக்க முடியுமா என்றும் கேளுங்கள். வாங்கிய பிறகு, மழைக்காலத்தில் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

வளரும் பிள்ளைகளின் உடுப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கிழிவதற்குள் அளவு பத்தாமல் போய்விடும். தினமும் கையில் எடுக்கும் பொருளுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். அதுவும் கையில் காசு இருந்தால் மட்டும்!